அப்டேட் போட்டு மெயில் சர்வர் படுத்துருச்சா? ரிப்பேரா, ரோல்பேக்கா, புது மிஷினா

சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். மெயில் சர்வர்ல இருக்குற டெபியன்ங்கிற லினக்ஸுக்கு 12லேர்ந்து 13க்கு அப்கிரேடு ஓடிக்கிட்டு இருக்கு, பேக்கேஜ் எல்லாம் பிரிஞ்சாச்சு, ஒவ்வொண்ணா செட்டப் ஆயிட்டு வருது, நடுவுல நின்னு, எது எப்படி ஓடணும்னு எழுதி வச்ச பழைய கான்ஃபிக் ஃபைலையே வச்சுக்கவா இல்ல புதுசைப் போடவான்னு கேக்குது, நான் யோசிச்சு ஒரு எழுத்தை அமுக்குறதுக்குள்ள காரைக்குடியில எங்க தெருவுல கரண்ட் போச்சு. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. ஃபேன் ஓடுது, லைட் எரியுது, லேப்டாப்புக்கும் ஒண்ணும் ஆகல. ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல குடுக்காம விட்டுருந்தேன், மூணு வருஷமா நாளைக்குப் பாத்துக்கலாம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு. சர்வருக்குள்ள போற எஸ்எஸ்எச் லைன் அறுந்துபோச்சு, லைன் அறுந்தாலும் வேலையை ஓட விடுற டீமக்ஸ் போடவும் இல்ல, அப்கிரேடு பாதியில தொங்குது.

மொபைல் நெட்ல திரும்ப உள்ள போயி, பாதியில நின்ன செட்டப்பை முடிக்கச் சொல்லி, ரீபூட் குடுத்து, ஒரு வழியா மிஷின் மேல வந்துருச்சு. மெயில்பாக்ஸைப் பாத்துக்கிற டவ்காட் மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது. லாக்ல பாத்தா, கான்ஃபிக் ஃபைலோட முதல் வரியிலயே வெர்ஷன் நம்பர் போட்டாத்தான் பேசுவேங்குது. டெபியன் 12ல டவ்காட் 2.3, 2025 ஆகஸ்டுல வந்த 13ல டவ்காட் 2.4. நம்பர்ல ஒரு புள்ளிதான் நகந்துருக்கு, ஆனா கான்ஃபிக் எழுதுற முறையே மாறிருச்சு, பழைய ஃபைல் அப்படியே ஓடாது. இது முன்னாடியே சொல்லி வச்ச விஷயந்தான், ரிலீஸ் நோட்ஸை நான் ஒழுங்கா படிக்கல, அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

சர்வர் யாரோடதுன்னா, கானாடுகாத்தான்ல பழைய வீட்டு முகப்புலயே ஆபீஸ் வச்சு, ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை நடத்துறவுகளோடது. 22 மெயில்பாக்ஸ், 140 ஜிபி மெயில், கிட்டத்தட்ட 11 லட்சம் ஃபைல். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் தூத்துக்குடி வழியா கன்டெய்னர் போகும், பேப்பர் வேலை முழுக்க மெயில்லதான். சர்வர் மும்பையில ஒரு விபிஎஸ், அதாவது வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மிஷின், பேக்கப் மட்டும் தினமும் ராத்திரி கானாடுகாத்தான் வீட்டுல ஒரு சின்ன மிஷினுக்கு இறங்கும்.

இந்த நெலமையில நம்ம முன்னாடி இருக்குற வழி நாலஞ்சுதான். இருக்குற இடத்துலயே ரிப்பேர் பாக்கலாம், முன்னாடி மொத்த டிஸ்க்கையும் படம் புடிச்ச மாதிரி எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போகலாம் (அதுதான் ரோல்பேக்), புது மிஷின் கட்டி மெயிலை நகத்தலாம், பேக்கப்லேர்ந்து எடுத்துப் போடலாம், இல்ல இந்தத் தலைவலியே வேணாம்னு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ மாதிரி எடத்துக்கு மொத்தமா குடிபோயிரலாம். எது நல்லதுன்னு கேட்டா எல்லாரும் எவ்வளவு நேரத்துல சர்வர் மேல வரும்னுதான் ஒப்பிடுவாங்க. நானும் அந்த ராத்திரி அப்படித்தான் ஒப்பிட்டேன், அது தப்பான அளவுகோல்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு கானாடுகாத்தான் போயிட்டேன். ஆபீஸைப் பாத்துக்கிறது அந்த வீட்டு ஆச்சி. எழுவது வயசுக்கு மேல இருக்கும், கம்ப்யூட்டரைத் தொட மாட்டாக, ஆனா எந்தப் பார்ட்டி என்னைக்கு என்ன எழுதுனான்னு கணக்கப்பிள்ளைக்கு மறந்தாலும் ஆச்சிக்கு மறக்காது. நான் டவ்காட்டு, வெர்ஷனுன்னு என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கேன், ஆச்சி காபி டவராவை வச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. நேத்து ராத்திரியிலேர்ந்து வந்த கடுதாசி எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

சர்வர் எப்ப வரும்னு கேக்கல பாருங்க. கடுதாசி எங்க இருக்கு. இதுக்குப் பதில் சொல்லணும்னா மெயில் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும், இதுதான் முக்கியமான எடம், மிச்சத்தை வேணும்னா வேகமா ஓட்டிப் படிச்சுக்கங்க.

இந்தப் பக்கம் பாதி வீடு வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கெடக்கும், கோயில் திருவிழா, கல்யாணம்னாத்தான் தெறப்பாக. பூட்டுன வீட்டுக்குத் தபால்காரர் வந்தா என்ன பண்ணுவாரு, திரும்ப எடுத்துட்டுப் போயி இன்னொரு நாள் கொண்டுவருவாரு. மெயிலும் அதேதான். உங்க சர்வர் செத்துக் கெடந்தா, அனுப்புற சர்வர் மெயிலைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டு மறுபடி மறுபடி வந்து கதவைத் தட்டும். மெயில் அனுப்புறதுக்கான எஸ்எம்டிபி விதிமுறையிலயே குறைஞ்சது நாலஞ்சு நாள் முயற்சி பண்ணணும்னு எழுதிருக்கு, மெயிலை வாங்கி அனுப்புற போஸ்ட்ஃபிக்ஸ் சாஃப்ட்வேர்ல டிஃபால்ட் 5 நாள். எல்லாரும் அந்த விதியை அப்படியே வச்சுருக்கல, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்சேஞ்ச் சர்வர்ல டிஃபால்ட் 2 நாள்தான், அதனால நான் எப்பவும் ஒரு நாள்தான் நம்ம கையில இருக்குன்னு கணக்கு வச்சுக்குவேன். ஒரு நாள்ங்கிறதே ரொம்பப் பெரிய நேரம். ராத்திரி பதினொரு மணிக்குக் கை நடுங்கிக்கிட்டு எதையாச்சும் அமுக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா வீட்டுல யாரோ ஒருத்தன் உக்காந்துகிட்டு "அப்படி ஒரு ஆளே இங்க இல்லை"ன்னு சொல்லிட்டா? தபால் அனுப்புனவனுக்கே திரும்பிப் போயிரும், அதோட முடிஞ்சுது. மெயில்ல அதுதான் 5ல ஆரம்பிக்கிற எரர் நம்பர், 550, 554 எல்லாம். 4ல ஆரம்பிச்சா அப்புறம் வான்னு அர்த்தம், 5ல ஆரம்பிச்சா வராதேன்னு அர்த்தம். யூசர் லிஸ்ட் ஏத்தாத புது சர்வர், டொமைன் பேரு இன்னும் போடாத போஸ்ட்ஃபிக்ஸ், இதெல்லாம் வர்ற மெயிலுக்கு எல்லாம் 5 சொல்லி அடிச்சுத் தொரத்திரும். செத்த சர்வரை விட அரைகுறையா உசுரோட இருக்குற சர்வர்தான் ஆபத்து.

இதுல மூணாவதா ஒண்ணு இருக்கு, நான் மாட்டுனது அதுலதான். வாசல்ல வாட்ச்மேன் இருக்கான், கையெழுத்துப் போட்டு வாங்கித் தன் பெட்டியில வச்சுக்கிறான், ஆனா உள்ள யாருக்கும் குடுக்கல. எங்க சர்வர்ல டவ்காட் படுத்துருச்சு, போஸ்ட்ஃபிக்ஸ் படுக்கல. ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு வர்ற மெயிலை எல்லாம் 250 ஓகேன்னு ரசீது குடுத்து வாங்கிருக்கு, டவ்காட்கிட்ட குடுக்க முடியாம க்யூவுல அடுக்கி வச்சுருக்கு. நான் பாத்தப்ப 41 மெயில். ஓகேன்னு சொன்ன நிமிஷத்தோட அனுப்புனவனோட பொறுப்பு முடிஞ்சுபோச்சு, அவன் காப்பியைக் க்யூவுலேர்ந்து அழிச்சுட்டான், திரும்ப அனுப்ப மாட்டான். நம்மளப் பொறுத்தவரைக்கும் அந்த 41 கடுதாசி அந்த ஒரே பெட்டியில மட்டுந்தான் இருக்கு.

ஆச்சிக்கு இதை இப்படியே சொன்னேன். "அப்ப வாட்ச்மேன் பெட்டியை மொதல்ல எடுத்துட்டு வா, அப்புறம் வீட்டை இடி கட்டு என்னமும் பண்ணு"ன்னாக. அம்புட்டுத்தான், இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றதே அதுதான்.

சரி, இப்ப ஒவ்வொரு வழியா பாப்போம்.

ரிப்பேர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா கை மொதல்ல அங்கதான் போகும். இதுல பெரிய நல்லது என்னன்னா மெயிலை நீங்க தொடவே இல்ல, சர்வரோட ஐபி முகவரி மாறல, டொமைன் பேரை அந்த ஐபியோட சேக்குற டிஎன்எஸ் மாறல, க்யூ அப்படியே இருக்கு, எது ஒண்ணும் தொலையாது. கெட்டது என்னன்னா எப்ப முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது. டவ்காட் 2.4ஐ எடுத்துக்கிட்டா, மெயில் எங்க இருக்குன்னு ஒரே வரியில சொல்லிட்டு இருந்ததை இப்ப எந்த வகை, எந்தப் பாதைன்னு ரெண்டா பிரிச்சு எழுதணும். சர்ட்டிஃபிகேட் வரிகளோட பேரு மாறிருச்சு. யூசர் பேரு, டொமைன் பேருக்குப் போடுற பர்சென்ட் ஒத்தை எழுத்துச் சுருக்கம் எல்லாம் போச்சு, முழுப் பேரு எழுதணும். டேட்டாபேஸ்ல யூசரைத் தேடுறதுக்குத் தனியா ஒரு ஃபைல் இருக்கும்ல, அது மெயின் கான்ஃபிக்குக்குள்ளயே வந்துருச்சு. நான் ராத்திரி ஒண்ணே கால் வரைக்கும் ஒவ்வொரு எரரா தள்ளிக்கிட்டுப் போனேன், ஒண்ணைச் சரி பண்ணுனா அடுத்தது எட்டிப் பாக்குது, கடைசியில டவ்காட் ஸ்டார்ட் ஆச்சு, லாகின் ஆகல. அந்த நேரத்துல தூக்கக் கலக்கத்துல பாஸ்வேர்டு செக் பண்ற வரியை எப்படியோ தளத்தி எழுதி, எந்தப் பாஸ்வேர்டு குடுத்தாலும் உள்ள விடுற மாதிரி பண்ணிவச்சா என்ன ஆகும்? அந்தப் பயத்துலதான் மூடிட்டுப் படுத்தேன்.

டவ்காட்டை மட்டும் பழைய வெர்ஷனுக்கு இறக்கலாமேன்னு தோணும். டெபியன்ல டவுன்கிரேடுக்கு சப்போர்ட்டே கிடையாது, கீழ இருக்குற லைப்ரரி எல்லாம் புதுசு, ஒண்ணை இழுத்தா பத்து வரும். மரியாடிபி டேட்டாபேஸும் அதே கதைதான், 12ல 10.11, 13ல 11.8, பெரிய வெர்ஷன் ஏறி டேட்டா ஃபைலை மாத்திட்டா அதே ஃபைலோட பழசுக்கு இறங்க வழி இல்ல.

அதனால என் கணக்கு, சின்ன அப்டேட்டுன்னா, அதே டெபியனுக்குள்ள ஒரு செக்யூரிட்டி பேட்ச் சொதப்பிருச்சுன்னா, ரிப்பேர்தான் சரி. ஏபிடி (டெபியன்ல பேக்கேஜ் போடுற கருவி) ஹிஸ்டரி லாகைத் தெறந்தா அன்னைக்கு என்னென்ன மாறுச்சுன்னு பேரோட இருக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். பெரிய வெர்ஷன் மாத்தமுன்னா ரெண்டு மணி நேரம் கெடு வச்சுக்கங்க. கெடு தாண்டுனா கையை எடுத்துருங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இன்னும் அஞ்சு நிமிஷம்னு விடிஞ்சுரும்.

ஸ்னாப்ஷாட் ரோல்பேக். விபிஎஸ் பேனல்ல ஒரு பட்டன், பத்து நிமிஷத்துல பழைய நெலமை, கேக்கவே இனிக்கிது. என்கிட்ட வியாழக்கிழமை ராத்திரி எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்துச்சு. சனிக்கிழமை அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்துருக்கணும், எடுக்கல, அதையும் ஒத்துக்கிறேன். ஆச்சி பக்கத்துல இருந்த கணக்கப்பிள்ளை இதைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, "ஐந்தொகை போட்ட தேதிக்குப் பின்னாடி நாள்வழியில ஏறுன பற்று வரவு எல்லாம் என்னாகும்ங்க?" கரெக்டா புடிச்சாரு. வெறும்ன ரோல்பேக் அமுக்குனா வெள்ளி, சனி ரெண்டு நாள் வந்த மெயில் போச்சு, அனுப்புன மெயிலோட காப்பி போச்சு, வாட்ச்மேன் பெட்டியில இருக்குற 41ம் போச்சு, பெட்டி இருந்ததுக்கே அடையாளம் இருக்காது.

இதுல இன்னொரு கண்ணுக்குத் தெரியாத குழி இருக்கு. சர்வர்ல இருக்குற மெயிலைப் பாக்குற முறையான ஐமேப்ல ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடின்னு ஒரு வரிசை நம்பர். வெள்ளிக்கிழமை வந்த மெயிலுக்கு 9120னு நம்பர் போட்டு ஆபீஸ் அவுட்லுக்கும் அதைப் பாத்துருச்சுன்னு வைங்க. வியாழக்கிழமைக்குத் திரும்பிப் போனா சர்வர் மறந்துரும், திங்கக்கிழமை வர்ற புது மெயிலுக்கு மறுபடி 9120னு போடும். அவுட்லுக் இதை ஏற்கெனவே பாத்துட்டேன்னு புதுசைக் காட்டாமலே விட்டுரலாம். சர்வர்ல மெயில் இருக்கும், ஸ்க்ரீன்ல இருக்காது, நீங்க நாலு நாள் தலையைப் பிச்சுக்குவீங்க.

அப்ப ரோல்பேக் மோசமான்னா, இல்ல. சிஸ்டத்தை மட்டும் பின்னாடி கொண்டுபோயி மெயிலை இன்னைய நெலமையிலயே வச்சுக்கிட்டா அதை விட நல்ல வழி கிடையாது. அதைக் கீழ சொல்றேன்.

புது மிஷின். நிதானமா செய்யிறதுக்கு இதுதான் எனக்குப் புடிச்ச வழி, ஆனா அவசரத்துல இல்ல. பக்கத்துல ஒரு புது விபிஎஸ் எடுத்து, சுத்தமா 13 போட்டு, கான்ஃபிக்கைப் புதுசா எழுதி, மெயிலை ஆர்சிங்க்ங்கிற காப்பி டூல்ல கொண்டுவந்து, டெஸ்ட் பண்ணி, ஒரு நாள் எம்எக்ஸை, அதாவது டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ் வரியை, மாத்திவிட்டா போச்சு, பழசு அப்படியே கையில இருக்கும், சொதப்புனா திரும்பிப் போயிரலாம். பிரச்சனை சர்வர் கட்டுறதுல இல்ல, புது ஐபியில இருக்கு. நெறைய க்ளவுடுல, சர்வருக்கு சர்வர் மெயில் போற 25ஆம் போர்ட்டை வெளிய போக விடாம அடைச்சுத்தான் குடுப்பாங்க, டிக்கெட் போட்டுத் தெறக்கணும், ஞாயித்துக்கிழமை யாரு தெறப்பா? அந்த ஐபி எந்தப் பேருக்குன்னு சொல்ற ரிவர்ஸ் டிஎன்எஸ் போடணும், 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயிலுக்கு அனுப்புற எல்லாருக்குமே அது வேணும், கூட இந்த டொமைன் பேருல யாரு அனுப்பலாம்னு சொல்ற எஸ்பிஎஃப், இல்லாட்டி மெயிலுக்குப் போடுற டிஜிட்டல் கையெழுத்தான டிகேஐஎம் வேணும். டிகேஐஎம் ப்ரைவேட் கீயைப் பழைய மிஷின்லேர்ந்து எடுக்க மறந்தீங்கன்னா கையெழுத்து பொருந்தாது. அந்த ஐபியை உங்களுக்கு முன்னாடி எவன் வச்சுருந்தானோ, அவன் ஸ்பாம் அனுப்பிருந்தா அந்தப் பாவம் உங்க தலையில. பதட்டத்துல மூணு தடவ நாலு தடவ அழிச்சு அழிச்சுக் கட்டுவீங்க பாருங்க, அப்ப ஒவ்வொரு தடவையும் லெட்ஸ் என்க்ரிப்ட்ல புது சர்ட்டிஃபிகேட் வாங்காதீங்க, ஒரே பேருக்கு ஒரு வாரத்துக்கு அஞ்சுதான் தருவாங்க, ஆறாவதுக்குக் கதவைச் சாத்திருவாங்க. பழைய சர்ட்டிஃபிகேட் ஃபோல்டரைக் காப்பி பண்ணிக்கங்க.

பேக்கப் ரெஸ்டோர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, மிஷினே போயிருச்சு, டிஸ்க்கே போயிருச்சுன்னாத்தான் அது. கானாடுகாத்தான் பெட்டகசாலை ரூம்ல, பழைய மர பீரோ பக்கத்துல பேக்கப் மிஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆனா அந்த லைன்ல அப்லோடு 50 எம்பிபிஎஸ். 140 ஜிபிக்குக் கணக்குப் போட்டா ஆறே கால் மணி நேரம், அது காகிதத்துல. 11 லட்சம் பொடி ஃபைல்னா அதுக்கும் மேலயே ஆகும். பேக்கப் இருக்கான்னு எல்லாரும் கேக்குறாங்க, திரும்ப ஏத்த எத்தனை மணி நேரம்னு யாரும் கேக்குறதில்ல. அதை ஒரு தடவையாச்சும் ஓட்டிப் பாத்து வச்சுக்கங்க.

குடிபோறது. இந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு அப்புறம் ஓனர் கேக்கத்தான் செய்வாரு, ஏன்ப்பா இதெல்லாம் நாமளே வச்சுக்கிட்டு அவஸ்தைப்படணும்னு. நியாயமான கேள்வி. 22 பேருக்கு மாசாமாசம் தலைக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டா அப்டேட்டு, பேட்ச்சு, க்யூ எதுவும் நம்ம பாடு இல்ல. என்னை மாதிரி ஒரே ஆளை நம்பி இருக்குற ஆபீஸுக்கு, நான் காய்ச்சல்ல படுத்தா என்ன பண்ணுவாகன்னு யோசிச்சா, அதுதான் சரின்னு எனக்கே சில நேரம் தோணும், என் பொழப்புக்கு எதிரா நானே சொல்றேன். ஆனா வீடு தீப்புடிச்சு எரியிறப்ப வீடு மாத்த மாட்டோம்ல. பழைய மெயில் போய்ச் சேரணும். கூகுள்ல ஐமேப் வழியா ஏத்துனா ஒரு அக்கவுண்டுக்கு ஒரு நாளைக்கு 500 எம்பிதான் விடுவாங்க, ஓனரோட மெயில்பாக்ஸ் மட்டும் 38 ஜிபி, ரெண்டரை மாசம் ஆகும், அதனால அவங்க குடுக்குற மைக்ரேஷன் டூல் வழியாத்தான் போகணும், அதுக்குப் பழைய சர்வர் உசுரோட இருக்கணும். அதாவது குடிபோறதுக்குக் கூட மொதல்ல இதை எழுப்பியாகணும்.

அதோட நாம அப்டேட் அடிக்காட்டி ஒண்ணும் ஆகாதுன்னும் நெனைக்காதீங்க. 2022 ஜனவரி 1ஆம் தேதி ஞாபகம் இருக்கா, கம்பெனிங்க சொந்தமா வச்சுருந்த எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்ல எல்லாம் மெயில் அப்படியே நின்னுபோச்சு. வைரஸ் பாக்குற எஞ்சினோட அப்டேட்டுக்குத் தேதியை வச்சு 2201010001னு நம்பர் போட்டுருந்தாங்க, அந்த நம்பரை வச்சுக்கிற எடத்துல 2147483647க்கு மேல கொள்ளாது, புது வருஷம் பொறந்ததும் ஸ்கேனர் விழுந்துருச்சு. அட்மின் யாரும் ஒரு பட்டனும் அமுக்கல. ஆனா மெயில் தொலையல, எல்லாம் க்யூவுலதான் நின்னுச்சு, ஸ்கேனரைச் சரி பண்ணுனதும் போச்சு. க்யூ எவ்வளவு பெரிய விஷயம்னு அப்ப நெறைய பேருக்குப் புரிஞ்சுது.

கடைசியில நான் பண்ணுனது ரோல்பேக்தான், ஆனா வாட்ச்மேன் பெட்டியை எடுத்துக்கிட்டு. வரிசை முக்கியம்ங்கிறதால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மொதல்ல 25ஆம் போர்ட்டை மூடுனேன், சர்வருக்குள்ள இல்ல, விபிஎஸ் பேனல்ல இருக்குற ஃபயர்வால்ல. உள்ள மூடுனா பத்தாது, ஏன்னா ரோல்பேக் ஆனதும் வியாழக்கிழமை மிஷின் வியாழக்கிழமை நெனப்புலயே எந்திரிக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் தானா ஸ்டார்ட் ஆகி மெயில் வாங்க ஆரம்பிச்சுரும், நீங்க பழைய மெயிலை எடுத்துப் போடுறதுக்கு முன்னாடியே. ஆபீஸ்லேர்ந்து மெயில் அனுப்புற 587, மெயில் படிக்கிற 993 எல்லாத்தையும் அதே மாதிரி மூடியாச்சு. அதுக்கப்புறம் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திட்டு, தனியா ஒரு வால்யூம் (கூடுதல் டிஸ்க்) வாங்கி மாட்டி, மெயில் ஃபோல்டர் மொத்தமும், போஸ்ட்ஃபிக்ஸ் க்யூ ஃபோல்டர் மொத்தமும் அதுல காப்பி. உங்க விபிஎஸ் கம்பெனி எடுக்குற ஸ்னாப்ஷாட் மாட்டுன வால்யூமையும் சேத்துத் திருப்புமா, மெயின் டிஸ்க்கை மட்டுமான்னு பாத்துக்கங்க, இல்லாட்டி காப்பி பண்ணதும் சேந்து போயிரும். இந்தக் காப்பிக்குத்தான் நேரம் போச்சு, ரெண்டே முக்கால் மணி நேரம். ஆச்சி வீட்டுல அன்னைக்கு வெள்ளைப் பணியாரம், அதனால எனக்குப் பெருசா வருத்தம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் ரோல்பேக். பன்னண்டு நிமிஷம். டவ்காட் 2.3 வந்துருச்சு, மரியாடிபி பழசே வந்துருச்சு, வியாழக்கிழமைக்கு அப்புறம் யாரும் பாஸ்வேர்டு மாத்தலைன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டேன். இப்ப டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் ரெண்டையும் நிறுத்திட்டு மெயில் ஃபோல்டரைத் திரும்ப ஆர்சிங்க். இங்க, காப்பியில இல்லாத ஃபைலைப் போற எடத்துல அழிக்கிற டெலீட் ஆப்ஷனோட ஓட்டணும், இது ரொம்பப் பேர் விடுற எடம். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு வைக்கிற மெயில்டிர் முறையில ஒரு மெயிலைப் படிச்சாலே ஃபைல் பேரோட வால்ல ஒரு எழுத்து சேந்துரும். வியாழக்கிழமை படிக்காம இருந்த மெயிலை வெள்ளிக்கிழமை படிச்சுருந்தா ரெண்டும் ரெண்டு பேரு, டெலீட் இல்லாம ஏத்துனா ஒரே மெயில் ரெண்டு ரெண்டா நிக்கும், அழிச்ச மெயிலும் எந்திரிச்சு வந்துரும். டெலீட் ஆப்ஷன் போடுறப்ப எது எங்கேர்ந்து எங்கன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, எதையும் மாத்தாம என்ன நடக்கும்னு மட்டும் காட்டுற ட்ரை ரன் ஒரு தடவ ஓட்டிட்டு அமுக்குங்க, திசை மாறிருச்சுன்னா கதை கந்தல்.

டவ்காட்டோட இண்டெக்ஸ் ஃபைல், கேஷ் ஃபைல் எல்லாம் அழிச்சுட்டேன், 2.4 கொஞ்ச நேரம் ஓடிருந்துச்சுல்ல, அதுவே புதுசா கட்டிக்கும். ஆனா யூஐடி லிஸ்ட்டுன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத் தொடவே கூடாது, மேல சொன்ன வரிசை நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கு. அதை அழிச்சா 22 பேரோட அவுட்லுக்கும் 140 ஜிபியை மொதல்லேர்ந்து இறக்க ஆரம்பிக்கும், மெயிலைத் தன் மிஷின்லயே இறக்கி வச்சுக்கிற பாப் முறை வச்சுருக்குறவுகளுக்கு எல்லா மெயிலும் ரெட்டை ரெட்டையா வரும்.

993ஐ மட்டும் என் ஐபிக்குத் தெறந்து, ஒரு அக்கவுண்டுல நொழைஞ்சு வெள்ளி, சனி மெயில் இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. அதுக்கப்புறம் க்யூ ஃபோல்டரை எடுத்துப் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸோட போஸ்ட்சூப்பர் கமாண்டை வச்சு ஃபைல் பேரை ஒழுங்குபடுத்தி, ஏன்னா காப்பி ஆனா டிஸ்க்ல ஃபைலுக்கு இருக்குற ஐநோடு நம்பர் மாறிரும், க்யூ ஐடி அதை வச்சுத்தான் போடுவாங்க, போஸ்ட்ஃபிக்ஸைத் தெறந்தேன். உள்ள வந்து பழகுற வரைக்கும் சாஃப்ட் பவுன்ஸ் ஆன் பண்ணி வச்சேன், எதையாச்சும் மறந்துருந்தாலும் 5 சொல்ல வேண்டிய எடத்துல 4 சொல்லும். ரெண்டு நாள்ல மறக்காம ஆஃப் பண்ணிருங்க, இல்லாட்டி இல்லாத அட்ரஸுக்கு வர்ற குப்பை எல்லாம் தெனமும் வந்து கதவைத் தட்டும். லாக் ஓடுது, 41, 40, 39னு எறங்குது, பதினேழு செகண்டுல க்யூ காலி.

சாயங்காலம் நாலு மணிக்கு 25ஐ எல்லாருக்கும் தெறந்தேன். வெளிய காத்துக்கிட்டு இருந்ததெல்லாம் ஒரேயடியா வராது, ஒவ்வொருத்தனும் அவன் அவன் நேரத்துக்குத்தான் திரும்ப வருவான், போஸ்ட்ஃபிக்ஸ்ன்னா அஞ்சு நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சொச்சம் வரைக்கும் இடைவெளி விடும். தூத்துக்குடி சரக்கு ஃபார்வர்டர் அனுப்புன பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்ட் அஞ்சே காலுக்கு வந்துச்சு, அது திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள பாத்துச் சொல்லணும். ஓடிபி மெயில் ஒம்போது வந்துச்சு, எல்லாம் செத்த ஓடிபி, அதுக்கு எந்த வழியிலயும் மருந்து இல்ல.

இந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது. ஸ்னாப்ஷாட்டே இல்லாட்டி, உடைஞ்ச மிஷின் ஓடுற வரைக்கும் மெயிலையும் க்யூவையும் வெளிய எடுத்துட்டு, அதே மிஷின்ல, அதே ஐபியில டெபியன் 12ஐப் புதுசா போட்டு மேல ஏத்துறதுதான் அடுத்தது, ரெண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனா ஐபி தலைவலி இல்ல. எப்பவாச்சும் புது சர்வர் கட்டுனீங்கன்னா மெயில் ஃபோல்டரையும் க்யூவையும் மொதல்லேர்ந்தே தனி வால்யூம்ல வைங்க, மெயின் டிஸ்க்கை என்ன வேணா பண்ணிக்கலாம், எனக்கு அன்னைக்கு மிச்சமாகியிருக்க வேண்டிய நேரம் அந்த ரெண்டே முக்கால் மணிதான்.

12க்கு 2028 ஜூன் வரைக்கும் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால செக்யூரிட்டி அப்டேட், இருக்கு, அவசரம் ஒண்ணும் இல்ல. இப்ப பக்கத்துல புது மிஷின் எடுத்து 13 போட்டு, டவ்காட் 2.4 கான்ஃபிக்கைப் பகல்ல, தெளிவா, ஒவ்வொரு வரியா எழுதிக்கிட்டு இருக்கேன். 25ஆம் போர்ட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, எம்எக்ஸை மத்த சர்வருங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கணும்னு சொல்ற டிடிஎல்லை 300 செகண்டுக்கு இறக்கியாச்சு, மாத்துற தேதியை ஆச்சிதான் காலண்டரைப் பாத்து முடிவு பண்ணணும், கன்டெய்னர் போகாத வாரமா இருக்கணும். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் லைன் திங்கக்கிழமையே இழுத்தாச்சு, எலக்ட்ரீஷியன் கூலி 350 ரூபா.